இந்த எண்ணில் வேறு யார் பேசுவார்கள்?

"இந்த நம்பர்ல உங்களைத் தவிர வேற யாராவது பேசுவாங்களா ஐயா?"

மறுமுனையில் இருந்தவர் யோசித்தார். அவருக்குப் பின்னால் ஓர் ஆடு கத்தியது.

"வேற யாரும்மா பேசுவா? என் போனு. நான்தான் பேசுவேன்."

"வீட்டுல யாராவது எப்பவாவது எடுத்துப் பேசுறது?"

"என் போனை எவன் தொடுவான்?"

ரெக்ஸ்லின் 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விகளுக்குப் போனாள். குரல் எவ்வளவு நாளாகக் கம்மியிருக்கிறது, விழுங்கும்போது வலிக்கிறதா, பீடி உண்டா, புகையிலை உண்டா. கடைசியில் எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னாள். இது நோய் என்று அர்த்தமில்லை, இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்றுதான் அர்த்தம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், இயந்திரம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பார்த்துவிட வேண்டும். சீக்கிரம் பார்த்தால் சின்ன வேலையோடு முடிந்துவிடும்.

"நீங்க காது ஆபீசா?" என்றார் அவர், அப்போதுதான் விளங்கியவராக. இணைப்பு அறுந்தது.

அரசாங்கம் வைத்த பெயர் குரல்நலத் திட்டம். மக்கள் வைத்த பெயர் காது. நாட்டில் யார் யாரோடு போனில் பேசினாலும் அந்தப் பேச்சு ஒரு நொடி திட்டத்தின் இயந்திரம் வழியாகப் போய்வந்தது. வார்த்தைகள் அதற்குப் புரியாது. குரல்நாண்கள் அதிரும்போது விழுகிற பிசிறுதான் புரியும். மனிதக் காதுக்கு எட்டுவதற்குப் பல மாதங்கள் முன்பே, தொண்டையில் ஏதோ முளைத்திருக்கிறது என்று அது சொல்லிவிடும். பெரும்பாலும் சரியாகவே சொல்லும்.

தொடங்கிய வருடமே வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தவில்லை. ஆனால் எவருடைய குரலையும் சேமிக்கக் கூடாது, எந்தக் குரல் யாருடையது என்று அடையாளம் காணக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே இயந்திரத்திடமிருந்து மதுரை அலுவலகத்துக்கு வந்து சேர்வது ஓர் எண்ணும், அந்த எண் யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரும் மட்டும்தான். நல்ல தீர்ப்பு என்றுதான் ரெக்ஸ்லின் நினைத்தாள். பின்னாளில் நடந்ததற்கெல்லாம் பிறகும் அவளால் அதைக் கெட்ட தீர்ப்பு என்று சொல்ல முடியவில்லை. இயந்திரத்துக்குத் தெரியக் கூடாததை மனிதர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் அந்த முதல் கேள்வி.

ஆனால் தீர்ப்பு மக்களின் பயத்தைப் போக்கவில்லை. காது ஆபீசின் எண் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த எண் ஒருவரின் திரையில் மின்னுவதைப் பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும். நிச்சயமான கல்யாணங்கள் நின்றன. பள்ளிக்கூடங்கள் ஆசிரியர்களை நீண்ட விடுப்பில் அனுப்பின. ஆகவே ஜனங்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். செய்தியாக எழுதி அனுப்பினார்கள். என்றோ வழக்கொழிந்த மிஸ்டு கால் திரும்பி வந்தது. ஒரு மணி அடித்தால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு அடித்தால் சாப்பிட்டுவிடு, காத்திருக்காதே. பேருந்துகளில் யாரும் போனில் கத்திப் பேசுவதில்லை. அதற்காகவே திட்டத்தை வாழ்த்தியவர்களும் இருந்தார்கள்.

ரெக்ஸ்லினின் அப்பா இஞ்ஞாசி போனில் பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார்.

அவர் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுபவர். படகு வந்து மீன் கூடைகள் இறங்கியதும் நடுவில் நின்று விலை கூவ வேண்டும். ஐஸ் உடைக்கும் சத்தம், வண்டிகளின் சத்தம், வியாபாரிகளின் ஏச்சு எல்லாவற்றுக்கும் மேலே அவர் குரல் நிற்க வேண்டும். நின்றது. சின்ன வயதில் ரெக்ஸ்லின் பள்ளிக்கூடச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே சீலா மீனுக்கு அன்று என்ன விலை என்று சொல்லிவிடுவாள். அவரோடு ஏலம் விட்ட சேசடிமை என்பவருக்குக் காது ஆபீசிலிருந்து போன் வந்தது. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டதால் ஒரு வாரத்தில் குணமாகித் திரும்பி வந்தார். குரல் பழையபடியே இருந்தது. படகு முதலாளிகள் யாரும் அவரை ஏலத்துக்குக் கூப்பிடவில்லை. "விரிசல் விட்ட தொண்டை, எப்பம் நிக்குமோ" என்றார்கள். இப்போது அவர் ஐஸ் கம்பெனி வாசலில் காவலுக்கு இருக்கிறார்.

அதைப் பார்த்தவர் இஞ்ஞாசி. பெற்ற மகளே அந்த ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தது அவருக்கு ஏதோ ஊரைக் காட்டிக்கொடுத்தது மாதிரி இருந்தது.

"அது பேச்சைக் கேக்காதுப்பா. பிசிறைத்தான் கேக்கும்" என்று அவள் ஒருமுறை சொன்னாள்.

"பிசிறு கேக்கவனுக்குப் பேச்சு கேக்காதாக்கும்? உன் மிஷினுக்குக் காது இருக்கு, மூளை இல்லன்னு சொல்லுத. அப்படிப்பட்டவன்ட்ட தான்ட்டி ரொம்பப் பாத்து நடந்துக்கணும்."

அதற்குப் பிறகு அவள் ஊருக்குப் போகும்போது மட்டும்தான் அவர் குரலைக் கேட்க முடிந்தது. சாயங்காலம் அவர் எண்ணிலிருந்து அழைப்பு வரும். அம்மா பேசுவாள். அம்மா பிலோமினாவுக்குத் தனியாகப் போன் கிடையாது. வாங்கிக் கொடுக்கிறேன் என்றால், "நான் யாரு கூடப் பேசப் போறேன்? உன்ட்டதான பேசுதேன்?" என்பாள். என்ன குழம்பு, யாருக்குக் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் புதுச் சாமியார் என்ன சொன்னார். பேச்சு முடியும்போது ஒரு சின்ன இடைவெளி விழும். அந்த இடைவெளியில் அப்பா அம்மாவின் பக்கத்தில் நிற்கிறார் என்று ரெக்ஸ்லினுக்குத் தெரியும். அவர் மூச்சுகூட விடாமல் நிற்பார். அவளும் ஒன்றும் பேசமாட்டாள். அப்பாவும் மகளும் சந்தித்துக்கொண்டது அந்த இடைவெளியில்தான்.

கொஞ்ச நாளாக அம்மாவின் குரல் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி வந்தது. டவர் சரியில்லை என்று ரெக்ஸ்லின் நினைத்தாள்.

பிப்ரவரியில் ஒரு நாள், பக்கத்து மேசை மும்தாஜ் அக்கா தன் திரையைத் துப்பட்டாவால் துடைப்பது மாதிரி மறைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டாள்.

"இங்க வா புள்ள. சத்தம் போடாத."

திரையில் இருந்தது அப்பாவின் எண். பெயர்: இஞ்ஞாசி.

ரெக்ஸ்லினுக்கு முதலில் வந்தது பயம் அல்ல. இதைப் பிற்பாடு அவள் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள். முதலில் வந்தது ஒரு பொறாமை. என்னோடு பேசாதவர் யாரோடு பேசினார்? பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"சொந்தக்காரங்க கேஸை நாம எடுக்கக் கூடாதுதான்" என்றாள் மும்தாஜ். "ஆனா நான் போட்டா உங்கத்தா எடுப்பாரா? நீயே நேர்ல போயிட்டு வந்திரு. கேள்வியெல்லாம் வரிசையாக் கேட்டு எனக்குச் சொல்லு, நான் ஏத்திக்கிறேன்."

"கேக்க என்னக்கா இருக்கு? எங்கப்பாதான். ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் ஊதுவாரு. தொண்டையைத் தவிர அவர்ட்ட வேற என்ன இருக்கு?"

மும்தாஜ் கட்டங்களை அவளே நிரப்பினாள். முதல் கட்டத்தில் 'இல்லை.'

ரெக்ஸ்லின் ஊர் போய்ச் சேர்ந்தபோது இஞ்ஞாசி குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். மகள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தட்டைத் தள்ளி வைத்தார்.

"யாருக்கு? எனக்கா?"

"உங்க நம்பர்ப்பா."

"நான் போனே பேசலையேட்டி."

"பொய் சொல்லாதிய."

"மாதா சத்தியமா. எடுத்தா அவளத்தான் பேசச் சொல்லுவேன். நான் மணி அடிச்சு வச்சிருவேன்."

"ஒரு தடவகூடப் பேசலையா?"

அவர் தரையைப் பார்த்தார். "குளச்சல்காரன் ஒருத்தன் ரேட்டுல தகராறு பண்ணுனான். அன்னைக்கு மட்டும் நாலு வார்த்தை கெட்ட வார்த்தைல பேசுனேன். அதையா புடிச்சிட்டு அந்தச் சனியன்?"

"நாலு வார்த்தை போதும்ப்பா."

போதாது. இயந்திரத்துக்குப் பல நாள் பேச்சு வேண்டும், சந்தேகம் உறுதிப்பட வேண்டும். அது ரெக்ஸ்லினுக்குத் தெரியும். புதிதாகச் சேர்பவர்களுக்கு அவளே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆனால் அந்த நேரத்தில், அப்பாவை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எந்தச் சொல் உதவுமோ அந்தச் சொல்தான் அவளுக்கு உண்மையாகத் தெரிந்தது.

"நான் வரமாட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல எவனாவது பாத்தாம்னா நாளைக்கு எனக்குக் கூடை கெடையாது. சேசடிமையப் பாத்தல்லா?"

"சேசடிமை மாமா உசுரோட இருக்காரு. குரலோட இருக்காரு."

"வேலையோட இருக்கானா?"

தெருவில் குழாய்த் தண்ணீருக்குக் குடங்கள் உருளும் சத்தம் கேட்டது. பிலோமினா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். கையில் கரண்டி. அதில் இருந்த மீன் குழம்பு ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"ஏட்டி, அந்த மிஷினு பொம்பளையாளு குரலையும் கேக்குமா?" என்றாள்.

"எல்லாரு குரலையும் கேக்கும்மா. இப்ப நீ வேற நடுவுல வராத." ரெக்ஸ்லின் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "மதுரைக்கு வாங்க. இங்க வேண்டாம். அங்க உங்கள யாருக்குத் தெரியும்?"

"ம்" என்று சொல்லிவிட்டு பிலோமினா அடுப்படிக்குள் போனாள்.

மதுரையில் டாக்டர் இளம்பரிதி மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையில் பார்த்தார். இஞ்ஞாசி நாற்காலியின் கைப்பிடியை, படகு வடத்தைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். வெளியில் இருந்த பெஞ்சில் பிலோமினா ஜெபமாலை உருட்டினாள்.

"என்ன இருந்தாலும் சொல்லிருங்க சார்" என்றாள் ரெக்ஸ்லின். "இருந்தா என்ன செய்வீங்க?"

"இந்த ஸ்டேஜ்ல மிஷின் புடிச்சுக் குடுத்திருந்தா, வாய் வழியா லேசர் விட்டு எடுத்துரலாம். தழும்புகூட வெளிய தெரியாது. கொஞ்ச நாள் பேசக் கூடாது, அவ்வளவுதான். அஞ்சாறு மாசம் விட்டுட்டு வந்தா நான் இப்படி உட்கார்ந்து பேசமாட்டேன். குரல்பெட்டியை என்ன பண்றதுன்னு யோசிச்சுக்கிட்டு இருப்பேன். அப்புறம் கழுத்துல ஓட்டை போட்டு..." அவர் நிறுத்தினார். திரையை உற்றுப் பார்த்தார். குழாயை மெல்ல வெளியே எடுத்தார்.

"ஒண்ணும் இல்லையே."

"சார்?"

"புகை குடிச்சுக் குடிச்சுக் கொஞ்சம் சிவந்திருக்கு. மத்தபடி சுத்தமா இருக்கு. மிஷின் நூத்துல ஒண்ணு ரெண்டு தப்பாச் சொல்லும். அதுல ஒண்ணு நீங்கன்னு வச்சுக்கங்க. சிகரெட்டை விட்டுருங்க."

இஞ்ஞாசி வெளியே வந்ததும் அழுதார். ரெக்ஸ்லினும் அழுதாள். ஆஸ்பத்திரி நடைபாதை என்றும் பாராமல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிலோமினா எழுந்து வந்து கணவரின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு மூவரும் டீ குடித்தார்கள். பிலோமினா தன் டீயை மிக மெதுவாக, மடக்கு மடக்காக, ஒவ்வொரு மடக்குக்கும் கழுத்தை லேசாகச் சாய்த்துக் குடித்தாள்.

அந்தச் செய்தி இஞ்ஞாசியைப் புது மனிதனாக்கியது. சிகரெட்டைக் கடலில் எறிந்தார். பனிமய மாதா கோயிலில் ஆளுயர மெழுகுவர்த்தி ஏற்றினார். ஒளிக்க ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு தானே துறைமுகத்தில் எல்லோரிடமும் சொன்னார். "காது ஆபீசே என்னைக் கூப்புட்டு, செக் பண்ணி, சர்ட்டிபிகேட் குடுத்திருக்கான்லே. எவனுக்கு இருக்கு இப்படித் தொண்டை?" என்று லட்டு கொடுத்தார். முதலாளிகள் சிரித்தார்கள். கூடைகள் கூடின.

அதோடு அவர் போனில் பேசத் தொடங்கினார். இரண்டு வருடப் பேச்சு அவருக்குள் சேர்ந்திருந்தது போலும். சாயங்காலம் மணி அடித்தால் இப்போது வருவது அவர் குரல்தான். ஊளி மீன் என்ன விலைக்குப் போனது, எந்த வியாபாரி எப்படி ஏமாற்றப் பார்த்தான், தான் அவனை எப்படி மடக்கினார் எல்லாவற்றையும் நடித்தே காட்டுவார். ரெக்ஸ்லின் விடுதி அறையில் படுத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பாள். பள்ளிக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே குரல்.

"அம்மா எங்கப்பா?"

"இங்கதான் இருக்கா. நல்லா இருக்கா. வைக்கட்டா?"

இயந்திரமும் அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆரோக்கியமான ஓர் ஆண் குரலைக் கேட்டது. மறு எச்சரிக்கை எதுவும் வரவில்லை. விதிப்படி, மூன்று மாதம் எச்சரிக்கை வராத எண்ணைக் கோப்பிலிருந்து நீக்கிவிடலாம். மும்தாஜ் நீக்கினாள். "உங்கத்தாவுக்கு ஆயுசு கெட்டி" என்றாள்.

ஜூன் மாதம் முடியும் தறுவாயில் ரெக்ஸ்லின் கோவில்பட்டிப் பக்கத்து எண் ஒன்றுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். எண் ஒரு ஆணின் பெயரில் இருந்தது. எடுத்ததும் ஆண்தான்.

"இந்த நம்பர்ல உங்களைத் தவிர வேற யாராவது பேசுவாங்களா?"

"யாரும் பேசமாட்டாவ. நான்தான்."

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சிரித்துக்கொண்டே பாய்ந்து வந்தது. "நீரு எங்க ஓய் பேசுதீரு? விடிஞ்சா அடைஞ்சா போனு என் கையிலல்லா கெடக்கு! என் தங்கச்சிட்ட பேசுத பில்லுக்கு நீரு கத்துததுதான் மிச்சம். பேரு மட்டும் இவரு பேரு. பெரிய இவரு!"

"ஏய், சும்மா கெட. ஆபீசுல கேக்காவ."

"ஆபீசுல கேட்டா உண்மையச் சொல்லும்."

ரெக்ஸ்லின் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. மறுமுனையில் கணவனும் மனைவியும் சிரித்தபடி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் விரல் முதல் கட்டத்தின் மேல் நின்றது. "ஹலோ? ஹலோ?" என்றார் அவர். அந்தப் பெண்ணிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். பெண்ணிடம் எல்லாக் கேள்விகளையும் கேட்டாள், ஒன்றையும் விடாமல், நிதானமாக. நாள் குறித்துக் கொடுத்தாள். பிறகு காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். எழுந்தவளுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. மும்தாஜ் ஏதோ கேட்டாள். அது காதில் விழவில்லை.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று வீட்டுக்குப் போட்டாள்.

"என்னட்டி, வேலை நேரத்துல?" அப்பாவின் குரல் வெயிலைவிடப் பிரகாசமாக இருந்தது.

"அம்மாட்ட குடுங்க."

"அவ எங்க பேச? தொண்டை கட்டிக் கெடக்கு. பேசுனா சேவல் கூவப் பழகுத மாதிரி இருக்கு. நான் கேலி பண்ணுதேன்னு வாயே தொறக்க மாட்டேங்கா."

"எவ்வளவு நாளா?"

"கெடக்கும் கொஞ்ச நாளா. வெயிலுக்குப் பச்சத் தண்ணி குடிக்கா, சொன்னா கேக்குதாளா?"

"அப்பா. அம்மாட்ட குடுங்க."

அவள் சொன்ன விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் பேசாமல் நடப்பது கேட்டது. கதவு. பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்பட்டது.

"ம்மா."

மறுமுனையில் மூச்சு மட்டும் இருந்தது.

"ஏதாவது பேசும்மா."

"என்னத்தப் பேச?"

அந்த இரண்டு சொற்களைக் கேட்க இயந்திரம் தேவையில்லை. தெருவில் போகிற யாருக்கும் கேட்டிருக்கும். ரெக்ஸ்லின் தொட்டியின் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். வெயிலில் சுவர் சுட்டது. கையை எடுக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

அவர்களுடைய பழைய இடைவெளி போலவே ஓர் இடைவெளி விழுந்தது. ஆனால் இந்த முறை பக்கத்தில் நிற்பவரின் மூச்சும் கேட்டது.

"போனுல பேசுனது நான்தான? தெனம் உன்ட்ட அவ்வளவு பேசிருக்கேன். உங்கப்பா என்னைக்கோ ஒரு நாள் எவனையோ வஞ்சதுக்கா மிஷினு ஆளனுப்பும்? நீ வந்து சொன்ன அன்னைக்கே எனக்குப் பட்டுது."

"ஏம்மா சொல்லல?"

"கேட்டேம்லா. பொம்பளையாளு குரலையும் கேக்குமான்னு கேட்டேன்."

ரெக்ஸ்லினுக்கு அந்தச் சொட்டு நினைவுக்கு வந்தது. தரையில் விழுந்த குழம்புச் சொட்டு.

"ஆஸ்பத்திரிலயாவது சொல்லிருக்கலாமேம்மா. டாக்டர் அங்கேயே இருந்தாரு. அந்த நாற்காலி அங்கேயே இருந்துது."

"அவருக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்க ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு அழுதிய. அதுக்குள்ள நான் போயி எப்படிச் சொல்ல?" பிலோமினா இருமினாள். இருமி முடிய நேரம் ஆனது. "பொறவு லட்டு குடுத்தாரு, மெழுகுதிரி வச்சாரு. வீடு நல்லா இருந்துது. ஒரு பக்கம் பயமாத்தான் இருந்துது. ஆனா, நீ அந்த ஆபீசுலயே இருக்க. எல்லாத்தையும் படிச்சிருக்க. கேக்க வேண்டியதா இருந்தா நீ கேட்டிருப்பல்லா? நீயே கேக்கல. அப்பம் ஒண்ணும் இல்லபோலன்னு இருந்துட்டேன்."

ரெக்ஸ்லின் மாடியின் ஓரத்துக்கு நடந்தாள். கீழே மதுரையின் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. ஹாரன்கள், ஏதோ ஓர் ஊர்வலத்தின் கொட்டு. இத்தனை சத்தத்துக்கு நடுவில் தான் பிசிறு கேட்கும் வேலையில் இருப்பதாக இவ்வளவு நாள் நினைத்திருந்தது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"இப்பவே கெளம்புங்க" என்றாள் கடைசியில். "ரெண்டு பேரும்."

டாக்டர் இளம்பரிதி இந்த முறை பார்த்துக்கொண்டே பேசவில்லை. குழாயை வெளியே எடுத்தபிறகும் நெடுநேரம் திரையையே பார்த்தார். பிறகு எச்சரிக்கை வந்த தேதியைப் பார்த்தார். அது பிப்ரவரியைக் காட்டியது. பெயர் இன்னும் இஞ்ஞாசி என்றே இருந்தது. நீக்கிய கோப்பை மும்தாஜ் மீண்டும் திறந்தபோது பெயரை மாற்றப் பார்த்தாள். முடியவில்லை. எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நோயாளி. வேறு பெயர் எழுத அங்கே கட்டமே கிடையாது.

"அம்மா புகை குடிப்பாங்களா?"

"இல்ல" என்றார் இஞ்ஞாசி. "நான்தான் குடிச்சிட்டு இருந்தேன். வீட்டுக்குள்ளதான். ரெண்டே ரூம்."

டாக்டர் தலையாட்டினார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இஞ்ஞாசியின் முகம் சொன்னது.

"சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். இன்னைக்கே எடுத்துருவோம். உயிருக்குப் போராடலாம், அதுக்கு நெறைய வழி இருக்கு. குரலைப் பத்தி மட்டும் இப்ப நான் ஒண்ணும் சொல்ல முடியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிப்ரவரியில கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

வெளியே அதே பெஞ்சு. பிலோமினா நடுவில் உட்கார்ந்தாள். ரெக்ஸ்லின் ஒரு பக்கம், இஞ்ஞாசி ஒரு பக்கம். சுவரில் குரல்நலத் திட்டத்தின் சுவரொட்டி இருந்தது. காதருகே கையைக் குவித்து நிற்கும் ஒரு செவிலியின் படம். ரெக்ஸ்லின் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். பிலோமினா அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாடிச் சுவர் சுட்ட இடம் சிவந்திருந்ததைப் பார்த்தாள். பெருவிரலால் தடவினாள். என்னவென்று கேட்கவில்லை. பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"இஞ்ஞாசி! யாரு இங்க இஞ்ஞாசி?"

தன் பெயரைக் கேட்டதும் பழக்கத்தில் இஞ்ஞாசி எழுந்துவிட்டார். எழுந்தபிறகு நின்றுவிட்டார். பிலோமினா அவர் கையைத் தொட்டு, உட்காரச் சொல்வதுபோல் லேசாக அழுத்தி, சேலையைச் சரிசெய்துகொண்டு தானும் எழுந்தாள்.

"நீங்களா? உள்ள வாங்க" என்றாள் நர்ஸ் அவரைப் பார்த்து.

"இல்ல" என்றார் அவர். "பேரு அது இல்ல. பிலோமினா."

"என்னது? சத்தமாச் சொல்லுங்க சார், கேக்கல."

துறைமுகம் முழுக்கக் கேட்ட குரல் அது. அவர் தொண்டையைச் செருமினார். மறுபடி வாயைத் திறந்தார்.

"பிலோமினா" என்றார். அதுவும் கேட்கவில்லை.